ஒற்றைச் சம்பளம்

சலவைக்கூடத்தில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் உருளைக்காரி. மருத்துவமனையின் பின்கட்டில், சமையற்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் எங்கள் கூடம். துவைத்துப் பிழிந்து வரும் விரிப்புகளைக் கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுப்பது அவள் வேலை. ஈரமாக உள்ளே போவது மறுபக்கம் மொடமொடவென்று வரும். அதைப் பிடித்து மடிப்பது நான். பெரிய விரிப்பு என்றால் ஒருத்தியால் ஆகாது. உருளையை நிறுத்திவிட்டு அவளும் வருவாள். இரண்டு முனை அவளுக்கு, இரண்டு முனை எனக்கு. இப்படி எதிரெதிரே நின்று எத்தனை ஆயிரம் மடித்திருப்போமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வந்தால் நல்லதை முதலில் சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்லிவிடுகிறேன். அவள் முன்கை இரண்டிலும் சூடு பட்ட தழும்பு வரிவரியாக இருக்கும். அதற்காக ஒரு நாள் லீவு போட்டதில்லை. புறணி பேசமாட்டாள். நான் பேசினால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள். நீராவி இரைச்சலில் கத்தினால்தான் காதில் விழும் என்பதால் எங்கள் கூடத்தில் யாருக்கும் ரகசியம் என்று ஒன்று கிடையாது. யாருக்கு மூட்டுவலி, யார் மருமகள் பேசுவதில்லை, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவளிடம் மட்டும் ஒரு ரகசியம் இருந்தது. அது அவள் புருஷன்.

நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தோம். நான் முதல் மாடி, அவள் இரண்டாவது. அவள் புருஷனைத் தெருவே ‘ஆபீசர்’ என்று கூப்பிடும். மனிதர் வீட்டு வரைபடம் போடும் கம்பெனி ஒன்றில் படம் வரைந்துகொண்டிருந்தார். எங்கே சுவர், எங்கே ஜன்னல், எங்கே மாடிப்படி என்று ஊரார் வீட்டையெல்லாம் காகிதத்தில் கட்டியவர். தினமும் காலையில் தேய்த்த சட்டை, வகிடெடுத்த தலை, கையில் சாப்பாட்டுப் பை. படியிறங்கும்போது எதிரே யார் வந்தாலும் ஒதுங்கி வழிவிடுவார். நல்ல மனிதர்தான், இல்லை என்று நான் எங்கே சொன்னேன்?

ஒரு முறை பல் பிடுங்க லீவு போட்டுவிட்டு ரயில் நிலையத்துப் பக்கம் போனேன். பகல் வேளை. நடைமேடையில் கடைசி பெஞ்சில் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை. வண்டி வந்தது, போனது, அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “பல்லா அக்கா? வீக்கம் இருக்கே” என்றார். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கைகள் இரண்டும் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டே அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்க்கா. நான்தான் போய் உக்காரச் சொன்னேன். கை நடுங்க ஆரம்பிச்சதுமே கம்பெனியில அனுப்பிட்டாங்க. கோடு போட முடியலையே. ரொம்ப நாளாச்சு.”

“வேற வேலை பாக்கறது? கடையில கணக்கு பாக்கட்டும், வாட்ச்மேன் வேலைக்குப் போகட்டும். உக்காந்து ரயிலை எண்ணினா சோறு வருமா?”

“போனாருக்கா. நடுங்கற கைக்கு யாரு குடுக்கறா? ஒரு நாள் வேலை முடிஞ்சு வர்றேன், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல நிக்கறாரு. காலைக் கட்டிக்கிட்டு இறக்கினேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த மனுஷன் வேலைக்குப் போறாருன்னு.”

முடிவு பண்ணினாள் என்றால் சும்மா வாய்வார்த்தை இல்லை, ஊரையே நம்ப வைத்தாள். சம்பளம் வாங்கிய அன்றைக்கே பணத்தை அவர் சட்டைப் பையில் வைத்துவிடுவாள். வாடகை அவர் கையால் போகும். கீழே இருக்கும் மளிகைக் கடைக்கு அவர் கையால் போகும். பெண் படிக்கும் பள்ளிக்கூடத்தில் அப்பா உத்தியோகம் என்ற இடத்தில் அந்தப் பழைய கம்பெனிதான் இன்னும் இருந்தது. மளிகைக்காரர் ஒரு தடவை அவளிடம், “சார் இவ்ளோ சம்பாதிக்கறப்ப நீ ஏம்மா ஆஸ்பத்திரித் துணியில போய்க் கை வெக்கறே?” என்று கேட்டதற்கு, “சும்மா இருந்தா உடம்பு போட்டுடுதுண்ணே” என்றாளாம். ஒடக்கான் மாதிரி ஒல்லியாக இருப்பாள், உடம்பு போடுகிறதாம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண். வளர்ந்த பிள்ளை. அவளுக்கும் அப்பா ஆபீசர்தான். இந்தப் பெண்ணை வைத்துத்தான் வீட்டு யோசனையே வந்தது.

இரண்டாவது மாடியில் நான்கு குடித்தனத்துக்கும் சேர்த்து நடையின் கடைசியில் ஒரே குளியலறை. அதன் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. வீட்டுக்காரனிடம் சொன்னால், “நீங்களே போட்டுக்குங்க” என்பான். போட்டால் ஒரு வாரத்தில் யாரோ பிடுங்கியிருப்பார்கள். யாரோ என்ன யாரோ? கடைசி அறையில் தனியாக இருந்தான் ஒரு கட்டையில போறவன். பெண் குளிக்கப் போனால் அவனுக்கு அந்த நேரம் பார்த்து நடையில் ஏதாவது வேலை இருக்கும். ஒரு நாள் அந்தப் பிள்ளை தலை ஈரம் சொட்டச் சொட்ட என் வீட்டுக்கு இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அதற்குப் பிறகு அம்மா வேலை முடிந்து வரும்வரை குளிப்பதே இல்லை. உருளைக்காரி நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, மறுபடி அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நிற்பாள். உள்ளே பெண் குளிக்கும்.

அப்போதுதான் வீட்டுவசதி அலுவலகத்தின் திட்டம் ஒன்று காதில் விழுந்தது. எங்கள் மேற்பார்வைக்காரி சொன்னாள், ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் முதல் முதலாக வீடு வாங்கினால் உதவி செய்கிறார்களாம் என்று. அதற்கு முதலில் ஒரு வகுப்பில் உட்கார வேண்டும். அவள் தனியாகப் போகப் பயந்தாள். நானும் கூடப் போனேன். எனக்கு வீடு வாங்கும் யோகமெல்லாம் இல்லை. அங்கே மின்விசிறி இருந்தது, உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பெடுத்தவர் நன்றாகவே சொன்னார்.

“வீட்டு விலையில பெரும்பங்கை பேங்க் குடுக்கும். நீங்க மாசாமாசம் கட்டுவீங்க. வாடகை கட்டறவங்களுக்கு அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா மிச்சத்தை நீங்க மொதல்லயே கையிலேர்ந்து வெக்கணும். அதுதான் முன்பணம். அது இல்லாமத்தான் பாதிப்பேர் வாசப்படியிலேயே நின்னுடறீங்க. அந்த முன்பணத்தை நாங்க போடறோம்.”

“சும்மாவா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“சும்மா யாராவது தருவாங்களா? பத்து வருஷம் நீங்களே குடியிருக்கணும். இருந்துட்டா திருப்பித் தர வேணாம். நடுவுல வித்தாலோ வாடகைக்கு விட்டாலோ முழுசையும் கட்டணும். இதுக்கு முன்னாடி உங்க பேர்ல வீடு இருந்திருக்கக் கூடாது. முக்கியமா, வீட்டுக்கு ஒரு சம்பளம்தான் வரணும். ரெண்டு சம்பளம் வர்றவங்க சேத்து வெச்சுக்கலாம், அவங்களுக்கு இது கிடையாது. நேர்ல வந்து விசாரிப்போம். அக்கம்பக்கத்துலயும் கேப்போம்.”

அக்கம்பக்கம் என்றதும் நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கையைத் தூக்கி, “சார், குளிக்கற ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் அவங்களே போட்டுத் தருவாங்களா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். வகுப்பெடுத்தவர் மட்டும் சிரிக்காமல், “போட்டிருக்கும்மா. நீங்க போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார்.

போய்ப் பார்த்தோம். ஊர்க்கோடியில் புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடி. ஓர் அறை, சமையல் மூலை, குளியலறை, அவ்வளவுதான். பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அவள் மற்ற எதையும் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். எடுத்தாள், போட்டாள். பிறகு சத்தமே இல்லை.

“ஏண்டி, உள்ளேயே குடி போயிட்டியா?” என்று தட்டினேன்.

“இருங்கக்கா, வர்றேன்” என்றாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். சேமிப்புச் சங்கத்தில் போட்டு வைத்திருந்ததை அப்படியே எடுத்து, வேறு யாருக்கும் விற்காமல் பிடித்துவைப்பதற்கு அன்றைக்கே கட்டிவிட்டாள். வீடு வாங்காமல் போனால் அந்தப் பணம் திரும்பாது என்று வீடு காட்டிய ஆள் சொல்லித்தான் வாங்கினான்.

வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து விசாரிக்க வரும் நாள் தெரிந்ததும், புருஷனை உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு ஆள் வருவார், அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னால் போதும், வேறு யாருக்கும் தெரியாது என்று. அவரும் சரி என்றாராம்.

வந்தவர் ஒருவர்தான். ஆனால் எங்கள் கட்டடத்தில் ஒருவர் வந்தால் ஒன்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். மளிகைக்காரர் வழிகாட்டுகிறேன் என்று கூடவே மாடிக்கு வந்துவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றார். பள்ளிக்கு விடுமுறை. பெண் மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நானும் நின்றேன், பொய் சொல்வானேன்.

“நீங்க என்ன பண்றீங்க சார்?” என்று வந்தவர் கேட்டார்.

ஆபீசர் பெண்ணைப் பார்த்தார். தையல்காரரைப் பார்த்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேலையில இருக்கேன். படம் வரையற வேலை.”

“பெரிய கம்பெனி சார்!” என்று மளிகைக்காரர் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். “இந்தக் கட்டடத்துலயே டாண்ணு மாசப் பொறப்புல காசைக் கையில வெக்கற ஒரே மனுஷன். இந்தம்மா சும்மா பொழுதுபோக்குக்குத்தான் வேலைக்குப் போகுது.” தையல்காரரும் தலையாட்டினார். இருவரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். அவளே ஊட்டி வளர்த்த பொய் அவள் வீட்டு வாசலில் வந்து சாட்சி சொன்னது. வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது இதுதான். அன்றைக்கு நான் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவர் காதில் விழாமல். மறுநாள் கூடத்தில் அவள் உருளைக்குள் விரிப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை விரலும் கூடப் போயிருக்கும். நான்தான் பாய்ந்து இழுத்தேன்.

உதவி கிடையாது என்று பதில் வந்தது. ஆனால் ஒரு வழி மிச்சம் இருந்தது. அலுவலகத்துக்கு நேரில் வந்து முறையிடலாம், புருஷனே வந்து தனக்கு வருமானம் இல்லை என்று சொல்ல வேண்டும், விஷயம் தெரிந்த ஒருவர் சாட்சிக்கு வர வேண்டும். விஷயம் தெரிந்தது என்னைத் தவிர யாருக்கு? வருகிறேன் என்றேன். ஆபீசரும் வருகிறேன் என்றார். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். பேருந்தில் எனக்கு இடம் கொடுத்துவிட்டு வழி முழுக்க நின்றுகொண்டே வந்தார்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி சின்னப் பெண். கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, “பயப்படாம சொல்லுங்க ஐயா” என்றாள்.

அவர் சொன்னார். கோடு கோணலாகப் போனதையும், கம்பெனியில் அனுப்பியதையும், ரயில் நிலையத்து பெஞ்சையும், எல்லாவற்றையும் சொன்னார். “எனக்கு வருமானம் இல்லம்மா. அவதான் என்னைக் காப்பாத்தறா” என்றார். அதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பெண் கனிவாகத்தான் அடுத்ததைச் சொன்னாள். “சரிங்க ஐயா. ஆனா மொத விசாரணையில உங்க தெருவே வேற மாதிரி சொல்லியிருக்கு. அதனால இன்னொரு தடவை நேர்ல வருவோம். அதே ஆளுங்களைக் கூப்பிட்டு, அவங்க முன்னாடி நீங்க இதைச் சொல்லணும். பொண்ணோட ஸ்கூல்லயும் அப்பா வேலைன்னு கம்பெனி பேர் இருக்காம். அதையும் நீங்க போய் மாத்திடுங்க. அவ்ளோதான். உதவி வந்துடும்.”

ஆபீசருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. மேசைமேல் இருந்த கை தடதடவென்று அடித்தது. இன்னொரு கையால் அதை அமுக்கினார். இரண்டும் சேர்ந்து அடித்தன. “சரிம்மா” என்றார். “எப்ப வருவீங்க?”

உருளைக்காரி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அடியே வேண்டாம், வாயைத் திறக்காதே என்று உள்ளுக்குள் கத்தினேன். திறந்துவிட்டாள்.

“வேணாங்க மேடம். அவர் வேலைக்குத்தான் போறாரு. வீட்டு ஆசையில நான்தான் இப்படிச் சொல்லச் சொன்னேன்.”

“அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. இதை எழுதிட்டா மறுபடி கேக்க முடியாது.”

“யோசிச்சுத்தான் சொல்றேன்.”

“பொய் மேடம்!” என்று நான் எழுந்தே விட்டேன். “இந்தப் பைத்தியக்காரி சொல்றதைக் கேக்காதீங்க. அந்த மனுஷன் பெஞ்சுல உக்காந்திருந்ததை நான் என் கண்ணால பாத்தேன்.”

“அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

அதிகாரி அவரிடம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க ஐயா. நீங்க முன்ன சொன்னது உண்மைன்னா இப்பவும் அதையே சொல்லலாம். உங்க வார்த்தைதான் கணக்கு.”

ஒரே ஒரு வார்த்தை. பெண்பிள்ளைக்கு ஒரு தாழ்ப்பாள். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீர் குவளையைப் பார்த்தார், சாத்தியிருந்த கதவைப் பார்த்தார், பெண்டாட்டியை மட்டும் பார்க்கவில்லை.

“அவ சொல்றதுதாங்க” என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது. வெளியே வந்ததும் அவளைப் பிடித்து உலுக்கினேன். “பெத்த பொண்ணை நினைச்சியாடி நீ?” என்றேன். “நினைச்சேன்க்கா. அவளுக்கு அப்பா வேணும்” என்றாள். “அன்னிக்குக் காலைப் பிடிச்சு இறக்கிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்ல வெச்சுட்டு நான் வேலைக்குப் போயிட்டா, யாருக்கா பிடிப்பாங்க?” அவள் தோளிலிருந்து கையை எடுத்தேன். ஆனாலும் கோபம் போகவில்லை. இப்போதும் போகவில்லை.

பேருந்தில் மூன்று பேரும் மூன்று பக்கம் உட்கார்ந்தோம். இறங்கியதும் ஆபீசர் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். கட்டடத்தின் கீழே மளிகைக்காரர் ஓர் ஆளுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். எதிரே அவர்கள் பெண், பள்ளிவிட்டு வந்தவள், புத்தகப் பையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வருவதற்குள் மாடிக்குப் போக அவளுக்குப் பிடிக்காது.

“என்ன சார், வீடு ஆச்சா?” என்றார் மளிகைக்காரர்.

“எங்கண்ணே?” என்று சிரித்தார் ஆபீசர். அந்தச் சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ! “என் சம்பளத்தைப் பாத்துட்டு முடியாதுன்னுட்டாங்க. வரம்பைத் தாண்டுதாம்.”

“அதானே பாத்தேன்! உங்களுக்கு எதுக்கு சார் அடுத்தவன் காசு? அதெல்லாம் இல்லாதப்பட்டவங்களுக்கு.”

உருளைக்காரி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். எனக்குச் செருப்பைக் கழற்றலாம் போல இருந்தது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

படிக்கட்டில் இருந்த பெண் எழுந்து வந்தாள். அவள் முகத்தில் குறும்பு இல்லை, கோபம் இல்லை. நெடுநாளாகக் காத்திருந்த விஷயம் சுலபமாக முடிந்துவிட்டது என்பதுபோல ஒரு சந்தோஷம்.

“அப்பா, அவ்ளோ சம்பளம் வருதுன்னா, அவங்க எதுக்கு? நாமளே அந்த வீட்டை வாங்கிடலாமே?”

“கேட்டா பாருங்க ஒரு கேள்வி! நியாயமான கேள்வி சார்!” என்று மளிகைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

ஆபீசர் சீப்பை மறுபடி கையில் எடுத்தார். பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

“மேல போம்மா” என்றாள் உருளைக்காரி. “துண்டை எடுத்து வை. நான் வந்து வெளிய நிக்கறேன்.”